பட்டினித் தட்டுகள்

“அண்ணி, இங்க கறுப்பா ஏதோ தெரியுதே, என்ன அது?”

“தெரியக் கூடாதது தெரியுது. கொஞ்சம் பேசாம இரு.”

படமெடுக்கும் பெட்டியின் திரையை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஆராய்ச்சி செய்பவள். மற்றவள் அந்த ஆய்வுக்கூடத்தின் செல் வளர்ப்பு அறையைப் பார்த்துக்கொள்பவள். ஆராய்ச்சிக்காரியின் கணவனுக்குத் தங்கை. வீட்டில் அண்ணி என்று கூப்பிட்டுப் பழகிய வாய் வேலை இடத்திலும் அப்படியே கூப்பிட்டது. கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். ஆய்வுக்கூடத் தலைவரே ஒருமுறை வாய் தவறி “அண்ணி” என்று கூப்பிட்டுவிட்டு, அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்காமல் நடமாடினார்.

நாத்தனாருக்கு அங்கே அடைகோழி என்று பெயர். செல்களைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டர் பக்கத்திலிருந்து அவளைக் கிளப்புவது கஷ்டம். விடுமுறை நாளில் வந்து செல்கள் வளரும் எல்லார் தட்டிலும் பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றிவிட்டுப் போவாள். அதற்கு அவர்கள் வைத்த பேர் ‘சாப்பாடு போடுவது’. “என் பிள்ளைங்களைப் பார்த்தீங்களா?” என்று ஊருக்குப் போனவர்கள் போனில் கேட்பார்கள். “சாப்பிட்டுத் தூங்குதுங்க. நீங்க நிம்மதியா இருங்க” என்பாள்.

“அண்ணி, தெரியக் கூடாததுன்னா, மறுபடியும் அதேவா?”

“அதேதான். மூணாவது தடவை.”

செல்லுக்குக் கண் இல்லை, நாக்கு இல்லை. சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரிகிறது? அண்ணி வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டு அழுதது அந்த ஒரு கேள்வியைத்தான். செல்லுக்குள் ஒரு புரதம் இருக்கிறது. அதன் முழுப் பெயர் யார் வாயிலும் நுழையாது. இவர்கள் மோப்பக்காரன் என்பார்கள். அவனுக்கு ஒரு சட்டைப்பை மாதிரி ஒரு குழிவு உண்டு. லூசின் என்கிற சத்து வந்து அதில் உட்கார்ந்தால், அதுவரை இறுகப் பிடித்திருந்த கூட்டாளிப் புரதத்தை விட்டுவிடுவான். விடுபட்ட கூட்டாளி தன் வேலையைப் பார்க்கப் போவான். ‘வளரலாம்’ என்ற சேதி கிளம்பும். பை காலியானால் மறுபடி கூட்டாளியைப் பிடித்துக்கொள்வான். சேதி நின்றுவிடும். செல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இது எதையும் நேரே பார்க்க முடியாது. செல்களை உடைத்து, உள்ளே இருக்கும் புரதங்களைப் பிரித்துத் தாளில் ஏற்றினால், சேதி போயிருந்தால் ஒரு கறுப்புப் பட்டை தெரியும். போகவில்லை என்றால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். அண்ணி தசைச் செல்களை லூசின் இல்லாத திரவத்தில் இரவு முழுக்கப் பட்டினி போட்டிருந்தாள். பட்டை வந்திருக்கக் கூடாது.

“இவ்வளவு பட்டினி கிடந்தும் வளரணும்னு நினைக்குதே. ரொம்ப தைரியம்தான் அண்ணி.”

“தைரியம் இல்லடி. யாரோ சாப்பாடு போட்டிருக்கணும். இல்லன்னா நான் எங்கயோ கோட்டை விட்டிருக்கணும்.”

 அடைகோழிக்கு அந்த விஷயத்தில் பழைய கெட்ட பெயர் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொருவர் பட்டினி போட்டிருந்த தட்டைப் பார்த்துவிட்டு, மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று சாப்பாடு போட்டுவிட்டாள். அன்றிலிருந்துதான் பட்டினித் தட்டின் மூடியில் சிவப்பு ஒட்டுப் போடும் வழக்கம் வந்தது. சிவப்பு ஒட்டு என்றால் கை வைக்காதே. அடைகோழிக்காகப் போட்ட சட்டம் என்று இன்னமும் கேலி செய்வார்கள்.

*

தலைவருக்கு முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் ‘அப்புறம் சார்’. எதைச் சொன்னாலும் முடிவில் அதைத்தான் கேட்பார்.

“பட்டினி போட்ட செல். லூசின் ஒரு துளி கிடையாது. ஆனா வளரலாம்னு சேதி போகுது. அப்புறம்?”

“அப்புறம் தெரியல சார். கொஞ்ச நேரப் பட்டினில பட்டை இல்ல. ராத்திரி பூரா போட்டா வந்துடுது.”

“செல்லு தன்னையே தின்னு, அதுலேருந்து லூசின் எடுத்துக்குதுன்னு சொல்லப் போற.”

“சொல்லலாம்னு ஒரு...”

“அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். இல்லன்னு சொல்லல. ஆனா உசிரைப் பிடிச்சு வச்சுக்கத்தான் அப்படித் தின்னும். அதுவும் இந்தத் தசைச் செல்லு மெதுவா, நாள் கணக்கா தின்னும். ஒரே ராத்திரில தின்னு முடிச்சு, ஏப்பம் விட்டு, வளரவும் கிளம்பிடுமா? சாப்பாடு வர்ற வரைக்கும் மோப்பக்காரன் பிடியை விடவே மாட்டான்னு போன வருஷம் நாமதான் எழுதியிருக்கோம். நீயும்தான் எழுதின.”

“ஆமா சார்.”

“அப்போ ரெண்டே வழி. யாரோ சாப்பாடு போட்டிருக்காங்க. இல்லன்னா உன் கையில கோளாறு.” தலைவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை, இதையும் காய்கறி விலை சொல்வதுபோலத்தான் சொன்னார். “கைன்னா தப்பில்லம்மா. எல்லாருக்கும் ஒரு நேரம் வரும். இந்த வேலையைக் கொஞ்ச நாள் ஜன்னலோர மேஜைக்காரர்கிட்ட குடுத்துடலாம். நீ வேற எதையாவது எடுத்துக்க.”

 ஜன்னலோர மேஜைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் ‘கொஞ்ச நாள்’ என்று கொடுத்த வேலை எதுவும் அந்த மேஜையிலிருந்து திரும்பி வந்ததில்லை.

“சார்.”

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவைப் பாதி திறந்துகொண்டு அடைகோழி நின்றிருந்தாள்.

“நான்தான் சார் ஊத்தினேன்.”

“என்ன ஊத்தின?”

“சாப்பாடு. அண்ணியோட தட்டுல.”

“சிவப்பு ஒட்டு இருந்துச்சா?”

“இருந்துச்சு சார்.”

“பார்த்தியா?”

“பார்த்தேன் சார். மனசு கேக்கல.”

“மூணு தடவையுமா?”

“மூணு தடவையும் பசிச்சிருக்கும்ல சார்.”

 தலைவர் கையை நீட்டினார். அடைகோழி கழுத்தில் கயிற்றோடு தொங்கிய வளர்ப்பு அறைச் சாவியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள்.

“கீழ கண்ணாடி கழுவுற இடத்துல ஆள் வேணும்னாங்க. இன்னிக்கே போ. அந்த அறைக்குள்ள இனிமே உனக்கு வேலை இல்ல.” அண்ணி பக்கம் திரும்பினார். “அந்த மூணு படத்தையும் தூக்கிப் போட்டுடு. வேலை உன்கிட்டயே இருக்கட்டும். அப்புறம்?”



*

“லிஃப்ட் வேலை செய்யலையா?” வாசலிலேயே கேட்டாள் அண்ணி. மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது.

“செய்யல,” என்றான் கணவன். ஊரில் இருக்கும் லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்ப்பவன். “நம்ம கட்டடத்து லிஃப்டை ஓசில பார்க்கச் சொல்றாங்க. ஓசிக்குன்னா படியே நல்லது, உடம்புக்கு.”

“உங்க தங்கச்சி எங்க?”

“உள்ள சாப்பிடறா. ஏன், என்ன பண்ணினா?”

“அவளையே கேளுங்க.”

அடைகோழி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அண்ணி கைப்பையைக்கூட வைக்காமல் அவள் எதிரே போய் நின்றாள்.

“ஏன்டி பண்ணின?”

“பாவமா இருந்துச்சு.”

“செல்லு மேல பாவமா? உனக்கு ஒரு வேலை வாங்கித் தர்றதுக்கு யார் யார்கிட்டப் போய்ப் பல்லைக் காட்டினேன் தெரியுமா? அந்தப் பாவம் உனக்குத் தெரியல?”

“தெரியும் அண்ணி.”

“மூணு தடவை! ஒவ்வொரு தடவையும் என் கையைத்தான் நான் சந்தேகப்பட்டேன். தூங்காம கொள்ளாம. கூடவே நின்னு நீயும் பார்த்த, படத்தைப் பார்த்து ‘தைரியம்தான்’னு வேற சொன்ன. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியல?”

“இரும்மா,” என்றான் கணவன், “அவ இன்னும் சாப்பிட்டு முடிக்கல.”

“நல்லா சாப்பிடட்டும். அவளைப் பட்டினி போட்டா யாராவது பாவம் பார்த்து ஊட்டிவிட்டுடுவாங்க.”

“இதைச் சொன்னது யாரை, என்னையா?”

“உங்களைத்தான்.”

கணவன் தன் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அந்த வீட்டில் இரண்டு பெண்களுக்கும் நடுவில் பேச்சு முற்றினால் அவன் நிற்கும் இடம் அதுதான்.

“என்னத்த ஊத்தின?” அண்ணி விடவில்லை.

“வழக்கமா எல்லாத்துக்கும் ஊத்தறதுதான். பெரிய பாட்டில்ல இருக்குமே.”

“எவ்வளவு?”

“போடறது போடறோம், நிறையவே போட்டேன்.”

“கொடைவள்ளல்!” என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். சாப்பிடவும் வரவில்லை.

வெளியே அண்ணனும் தங்கையும் பேசுவது கேட்டது.

“கண்ணாடி கழுவற வேலை கஷ்டமா?”

“இல்லண்ணா. சுடுதண்ணி வருது.”

“அப்ப சரி.”

*

ஒரு ஆள் இல்லாத குறை எப்படி இருக்கும் என்று, அடுத்தடுத்த நாட்களில் வளர்ப்பு அறைக்குள் போனவர்களைக் கேட்டிருக்க வேண்டும். யாருடைய தட்டு எந்த அடுக்கில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. “நீங்க போட்டிருப்பீங்கன்னு நான் போடல” என்பதையே ஆளுக்கு ஒரு முறை சொன்னார்கள்.

அண்ணி தன் தட்டுகளை எடுக்க இன்குபேட்டர் கதவைத் திறந்தாள். முன்வரிசையில் யாருடைய தட்டுகளோ மஞ்சளாகிக் கிடந்தன. சாப்பாட்டில் ஒரு சாயம் கலந்திருக்கும். புதிதாக ஊற்றும்போது நல்ல சிவப்பு. செல்கள் தின்று கழிவைச் சேர்த்துத் திரவம் புளிக்கப் புளிக்க ஆரஞ்சாகும், கடைசியில் மஞ்சள். மஞ்சளைப் பார்த்தாலே அடைகோழிக்குப் பதறும். அண்ணிக்கும் பதறத்தான் செய்தது. ஐயோ என்று ஒரு தட்டைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சிவப்பு. ஆரஞ்சு. மஞ்சள். எப்படி ஆனாலும் ஒரு நிறம் உண்டு.

அவளுடைய பட்டினித் திரவத்தை அவளே கரைத்துத் தயாரிப்பாள். அதில் சாயம் சேர்ப்பதில்லை. “இது என்ன அண்ணி, பச்சத் தண்ணி மாதிரி, காய்ச்சல்காரனுக்குக் குடுக்கற மாதிரி” என்று அடைகோழியே கிண்டல் செய்திருக்கிறாள். அதில் பெரிய பாட்டிலிலிருந்து நிறையப் போட்டிருந்தால், என்ன நிறமாக இருந்திருக்க வேண்டும்?

தட்டை உள்ளே வைத்துவிட்டு நேரே ஃப்ரீசருக்குப் போனாள். செல்களை உடைப்பதற்கு முன்னால் மேலிருக்கும் திரவத்தில் கொஞ்சம் சின்னக் குழாயில் எடுத்து வைப்பது அவள் பழக்கம். பின்னால் எதற்காவது தேவைப்படும் என்று வைப்பாள், தேவைப்பட்டதே இல்லை. மூன்று இரவுகளின் குழாய்களும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். உறைந்தது உருகும்வரை குளிர் எலும்பு வரை ஏறியது.

விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மூன்றும் தண்ணீர்தான். ரோஜா நிறம்கூட இல்லை.

*

கீழ்த்தளத்தில் ஒரே ஆவியாக இருந்தது. அடைகோழி முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு பாட்டில்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“இதைப் பாரு.”

“கை ஈரமா இருக்கு அண்ணி.”

“கையால பார்க்க வேணாம், கண்ணால பாரு. என்ன நிறம்?”

அடைகோழி பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி பாட்டில் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சாயத்தை மறந்துட்டேன்,” என்றாள்.

“பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் படிச்சுட்டு வரணும்.”

“அவசரத்துல வந்துடுச்சு. திரவம் உறிஞ்சற டிப் பெட்டி வாங்கணும்னு கேக்க வந்தேன். உங்க வேலையைத் தூக்கி அந்த ஜன்னலோரத்துக்காரருக்குக் குடுக்கறேன்னு சொல்லிட்டு இருந்தாரு. நீங்க முகத்தை அப்படி வச்சுட்டு நின்னதைப் பார்த்தேனா, வாய் தானா திறந்துடுச்சு.”

“உன்னை யாருடி கேட்டா?”

“யாரும் கேக்கல. எனக்குத் திட்டு புதுசா அண்ணி? ஒரு தடவை பண்ணினவதானே, நம்பிடுவாங்க. ரெண்டு நாள் திட்டுவாரு, விட்டுடுவாருன்னு நினைச்சேன். சாவியைக் கேப்பாருன்னு நினைக்கல.”

 அதைச் சொன்னதும் அடைகோழி குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தை மீறி அண்ணி பேச வேண்டியிருந்தது.

“நீ என்ன பண்ணியிருக்கேன்னு உனக்குத் தெரியுதா? நீ யாரோட தட்டுலயாவது நிஜமாவே சாப்பாடு போட்டிருந்தா ஒரு வாரம் வீண், அவ்வளவுதான். நீ போடாததைப் போட்டேன்னு சொன்ன. அந்தப் பட்டை நிஜம்டி. செல்லு ஏதோ சொல்லுச்சு, மூணு தடவை சொல்லுச்சு. ‘இல்ல, அது பேசல, நான்தான் பேசினேன்’னு நீ சொல்லிட்ட. படத்தைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லிட்டாரு.”

“போட்டுட்டீங்களா?”

“போடல. கை வரல.”

“சரி, இப்ப என்ன பண்ணப் போறீங்க?”

“மேல போய்ச் சொல்லப் போறேன்.”

அடைகோழி குழாயை மூடினாள். “வேணாம் அண்ணி. சொல்லாதீங்க. சொன்னா என்ன ஆகும்? அவ ஊத்தலன்னா உன் கைதான்னு சொல்லுவாரு. உங்க வேலை போயிடும். இப்ப யாருக்கும் நஷ்டம் இல்ல. நான் இங்க நல்லாத்தான் இருக்கேன். சுடுதண்ணி வருது.”

“அதை அண்ணன்கிட்ட சொன்னதோட நிறுத்திக்க. என்கிட்ட சொல்லாத.”

“நான் ஊத்தலன்னு நீங்க எப்படி நிச்சயமா சொல்லுவீங்க? சாயம் இல்லாத எதையாவது ஊத்தியிருக்கலாம்ல?”

“யாரை ஏமாத்தற? பசிக்குதுன்னு பாவம் பார்க்கறவ நீ. சாயம் தெரியாம, லூசினை மட்டும் நிறுத்துக் கரைச்சு ஊத்தறவ பாவம் பார்க்கறவ இல்ல, குழி பறிக்கறவ. அவ்வளவு சாமர்த்தியம் உனக்கு இருந்தா, இந்நேரம் நம்ம லிஃப்டை ஓட வச்சிருப்ப.”

அடைகோழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையுறையோடு முகத்தைத் துடைக்கப் போய் நுரையை அப்பிக்கொண்டாள்.

*

“அப்போ அவ ஊத்தல,” என்றார் தலைவர். மூன்று குழாய்களும் அவர் மேஜையில் நின்றிருந்தன.

“ஊத்தல சார்.”

“பொய் சொல்லியிருக்கா.”

“எனக்காகச் சொல்லியிருக்கா.”

“யாருக்காகச் சொன்னாலும் பொய்தானே? இந்த இடத்துல அதைவிட மோசமா ஒண்ணு பண்ண முடியுமா?” இப்போதும் அவர் குரல் உயரவில்லை. ஆனால் குழாய்களை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தபோது அவை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. “அவ ஊத்தலன்னா உன் கைன்னு ஆகுது. அது தெரிஞ்சுதான் வந்தியா?”

“தெரிஞ்சுதான் சார். எனக்கு இன்னும் ஒரு தடவை வேணும். இன்குபேட்டரைப் பூட்டி, சாவியை உங்க பையிலயே வச்சுக்குங்க. திரவத்தையும் நான் கரைக்கல, ஜன்னலோரத்துக்காரர் கரைக்கட்டும். அப்பவும் பட்டை வந்தா?”

“வந்தா?”

“தன்னையே தின்னுதுன்னு அர்த்தம். தின்னதைச் செரிக்க செல்லுக்குள்ள லைசோசோம்னு ஒரு பை இருக்குல்ல, அதுல செரிக்க விடாத மருந்தை இன்னொரு தட்டுல போடறேன். தின்னாலும் செரிக்காது, லூசின் வெளிய வராது. அதுல பட்டை வரக் கூடாது.”

“அந்த மருந்தே பட்டையைக் கெடுத்துடுச்சுன்னா?”

“அதுக்கு ஒரு தட்டு. மருந்தும் உண்டு, கடைசியில நானே லூசினும் குடுப்பேன். மருந்து கெடுக்கலன்னா அதுல பட்டை வரணும்.”

தலைவர் குழாய்களை அவள் பக்கம் நகர்த்தினார்.

“பட்டினித் தட்டுல பட்டை வரலன்னா, வேலையை நீயே ஜன்னலோர மேஜையில கொண்டு போய் வச்சுடுவ.”

“வச்சுடறேன் சார்.”

“அப்புறம்?”

“அப்புறம் வளர்ப்பு அறைச் சாவி யாரோடதோ அவகிட்டப் போகணும்.”

“அதைப் பட்டை வந்தப்புறம் பேசு.”

வீட்டில் அண்ணி இதைச் சொன்னபோது கணவன் முதலில் கேட்டது: “வேலை போனா போகட்டும்னு நீயே போய்ச் சொன்னியா?”

“ஆமா.”

“ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு வேலையை விடறீங்க. நான் இருக்கற தைரியமா?”

“நீங்க ஓசில லிஃப்ட் பார்க்க ஆரம்பிங்க,” என்றாள் அடைகோழி. “அதுவே எங்களுக்குப் போதும்.”

*

தலைவர் சொன்ன சொல் தவறவில்லை. தானே பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். மற்றவர்கள் தங்கள் தட்டுகளை வேறு இன்குபேட்டருக்கு மாற்றிக்கொண்டு முணுமுணுத்தார்கள். மறுநாள் அவரே வந்து திறந்தார். பட்டினித் தட்டுகளைத் தூக்கிப் பார்த்து, “தண்ணி மாதிரிதான் இருக்கு” என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

உடைக்க, பிரிக்க, தாளில் ஏற்ற, கழுவ என்று நேரம் போனது.  ஜன்னலோர மேஜைக்காரர் ஒருமுறை அண்ணியிடம் வந்து, “நானா இந்த வேலையைக் கேக்கலீங்க” என்றார். “தெரியும்” என்றாள். 

திரையில் படம் மெல்ல மெல்ல ஏறியது. தலைவர் அண்ணிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

வயிறாரச் சாப்பிட்ட செல்: தடித்த பட்டை. கொஞ்ச நேரப் பட்டினி: ஒன்றுமில்லை.

“அடுத்தது எது?”

“ராத்திரி முழுக்கப் பட்டினி சார்.”

ஒரு நிழல் விழுந்தது. நிழல் கறுத்தது. தடிமன் இல்லை, சாப்பிட்ட செல்லின் பட்டைக்குப் பக்கத்தில் நோஞ்சானாகத் தெரிந்தது. ஆனால் பட்டைதான். அதை வேறு எதுவாகவும் சொல்ல முடியாது.

“மருந்து போட்டது?”

மருந்து போட்ட இடம் வெறுமையாக இருந்தது. மருந்தும் போட்டு லூசினும் கொடுத்த இடத்தில் பட்டை பளிச்சென்று வந்திருந்தது.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

“செல்லை உடைச்ச சாறுலேருந்து மோப்பக்காரனை மட்டும் பிடிச்சு இழுத்துப் பார்த்தியா?”

“பார்த்தேன் சார். கொஞ்ச நேரப் பட்டினில அவனை இழுத்தா கூட்டாளியும் கூட வர்றான். ராத்திரி முழுக்கப் பட்டினில இழுத்தா, பாதிப் பேர் தனியா வர்றாங்க. பிடியை விட்டுட்டாங்க. தன்னையே கரைச்சு வந்த லூசினுக்கும், நாம குடுத்த லூசினுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியல.”

“ஒரே ராத்திரில.”

“ஒரே ராத்திரில சார்.”

“சாப்பாடு வர்ற வரைக்கும் விட மாட்டான்னு எழுதினோம்.”

“மாத்தி எழுதணும்.”

“அது எனக்கும் தெரியும்மா. அடுத்த மாசம் நாம எழுதினதையே பேசறதா ஒரு கூட்டத்துல ஒத்துக்கிட்டிருக்கேன், அதை நினைச்சேன்.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிளம்பிப் போகப் பார்த்தவர் நின்றார். “அந்தப் பழைய மூணு படத்தையும் போட்டுட்டியா?”

“போடல சார்.”

“நல்லது. அவளை வரச் சொல்லு.”

*

அடைகோழி கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

“தப்பு பண்ணிட்டு வந்து சொன்னா நான் பொறுத்துக்குவேன்,” என்றார் தலைவர். “பண்ணாத தப்பைப் பண்ணினேன்னு சொன்னா, அப்புறம் இந்த இடத்துல நான் எதை நம்பறது?”

“இனிமே பண்ணிட்டே சொல்றேன் சார்.”

“பண்ணவும் வேணாம்!”

அந்த அறையில் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான். வெளியே நடந்து போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவரே திடுக்கிட்டுப்போய், சட்டைப்பையிலிருந்து வளர்ப்பு அறைச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். கயிற்றைக் காணவில்லை.

“கயிறு சார்?”

“அழுக்கா இருந்துச்சு, போட்டுட்டேன். புதுசு வாங்கிக்க. மாசக் கடைசி வரைக்கும் காலையில கீழ கண்ணாடி, மதியம் மேல செல்லு. அது உன் பொய்க்கு. போ.”

நடைவழியில் அண்ணி காத்திருந்தாள்.

“என்ன சொன்னாரு?”

“கயிறு வாங்கச் சொன்னாரு.” சாவியை உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டே நடந்தாள். “அண்ணி, நிஜமாவே தன்னையே தின்னுதா?”

“தின்னுது.”

“தின்னுட்டு, ‘நல்லாத்தான் இருக்கேன், வளர்றேன்’னு வேற சொல்லுது.”

“ஆமா. சுடுதண்ணி வருதுன்னு சொல்லுது.”

அடைகோழி அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். “சொல்லிக் காட்டறீங்க.”

“காட்டாம? இனிமே எனக்காக வாயைத் திறக்கறதுன்னா முதல்ல என்னைக் கேளு. எனக்கு என்ன போகுது, எது போனா தாங்குவேன்னு எனக்குத் தெரியும்.”

“சரி அண்ணி.”

“சரின்னு சொல்லிட்டு மறுபடி பண்ணுவ.”

“பண்ணினா நிறம் காட்டிக் குடுத்துடும். இப்ப தெரிஞ்சுபோச்சே.”

வளர்ப்பு அறைக்குள் போய் இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் அடைகோழி, “அடப்பாவிங்களா!” என்றாள். மஞ்சள் தட்டுகள் வரிசையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. கைகளைக் கழுவி, புதுக் கையுறை மாட்டி, பெரிய பாட்டிலை வெளியே எடுத்தாள். எந்த அடுக்கில் யாருடையது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்தாள். கீழ் அடுக்குக்கு வந்ததும் கை நின்றது. அங்கே சிவப்பு ஒட்டுப் போட்ட இரண்டு தட்டுகள் இருந்தன.

“அண்ணி, இது உங்களோடதா?”

“என்னோடதுதான். அடுத்த படம். தொடாத.”

“தொடல. எவ்வளவு நேரம் கிடக்கணும்?”

“நாளைக்குக் காலை வரைக்கும்.”

அடைகோழி அந்த இரண்டையும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள். கதவை மூடினாள். மூடிவிட்டு மறுபடி திறந்து, வெப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினாள்.

“சரி,” என்றாள், “நீங்களாவது சாப்பிட்டீங்களா?”